கரைச் செய்தியே ஆங்கிலப் பாடமாகட்டும்

2025 ஏப்ரல் 6 அன்று பாம்பனில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. ஆங்கில நாளிதழ்கள் அதைப் படங்களோடு விரிவாக எழுதின. பாலத்தின் நீளம் ஏறத்தாழ 2.08 கிலோமீட்டர். கப்பல் வரும்போது நடுவிலுள்ள 72.5 மீட்டர் தூக்குப் பகுதி செங்குத்தாக மேலெழும். பாம்பன், தங்கச்சிமடம் பிள்ளைகளுக்கு இதில் தெரியாதது எதுவும் இல்லை. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோனதையும், வெளியூர் செல்வோர் கடல் தாண்டி மண்டபம் போய் வண்டி ஏறியதையும், பக்கத்திலேயே புதிய பாலம் எழும்பியதையும் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். அந்த ஆங்கிலச் செய்தியைக் கையில் கொடுத்தால், விஷயம் தெரிந்த தைரியத்திலேயே தெரியாத சொற்களில் பலவற்றை ஊகித்துவிடுவார்கள்.

அதற்கான நேரம்தான் பள்ளிக்கூடத்தில் இல்லை. ராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும், வாரத்தில் ஓர் ஆங்கிலப் பாடவேளையை நடப்புச் செய்திக்கென்று ஒதுக்க வேண்டும். அந்தச் செய்தி இந்தக் கரையைப் பற்றியதாகவும் இருக்க வேண்டும்.

நாளிதழ் ஆங்கிலம் கடினம், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாது என்று ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. செய்தியாளர்கள் தலைப்பில் பாதிச் சொற்களை விழுங்கிவிடுவார்கள்; முதல் வாக்கியத்திலேயே முழுக் கதையையும் திணிப்பார்கள். இந்தச் சிக்கலுக்கு உலகம் எப்போதோ தீர்வு கண்டுவிட்டது. அமெரிக்காவின் ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ வானொலி 1959இல் ஏறக்குறைய 1,500 சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு, சிறு வாக்கியங்களில், நிதானமாக வாசிக்கும் செய்தி ஒலிபரப்பைத் தொடங்கியது. பல நாடுகளில் லட்சக்கணக்கானோர் அதைக் கேட்டு ஆங்கிலம் பழகினார்கள். 2025 மார்ச்சில் அமெரிக்க அரசின் உத்தரவால் அந்த நிலையமே முடங்கியது. எங்கோ ஓர் அரசின் தயவை நம்பியிருக்காமல் இதை உள்ளூரிலேயே செய்வதுதான் உசிதம். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் ஆங்கிலம் தெரிந்த மூன்று நான்கு ஆசிரியர்கள் உட்கார்ந்தால், வாரம் ஒரு பக்கச் செய்தித்தாளை எளிய ஆங்கிலத்தில் எழுதிவிட முடியும். பாம்பனில் 2016 முதல் ஒலிக்கும் ‘கடல் ஓசை’ மீனவர் சமுதாய வானொலி, அதையே மாலையில் நிறுத்தி நிதானமாக வாசித்துக் கொடுக்கலாம். வகுப்பில் படித்ததைப் பிள்ளைகள் வீட்டில் காதாலும் கேட்பார்கள். சொல்லை எப்படி உச்சரிப்பது என்ற கூச்சம் அதில்தான் கரையும்.

செய்திக்கு இந்தக் கரையில் பஞ்சமில்லை. ஏப்ரல் 15இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வலமாவூரில் 2023இல் அடிக்கல் நாட்டப்பட்ட கடற்பாசிப் பூங்கா, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள், புயல் எச்சரிக்கை என்று எதை எடுத்தாலும் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சுதான்.

இலங்கைக் கடற்படை மீனவர்களைக் கைது செய்வது பற்றிய செய்தி மட்டும் வேறு. அப்பாவோ அண்ணனோ யாழ்ப்பாணச் சிறையில் இருக்கும் ஒரு பிள்ளை அந்த வகுப்பில் இருக்கலாம். அந்தப் பிள்ளையின் எதிரில் அதை வாசிப்புப் பயிற்சியாக்குவது கொடுமை. அந்தச் செய்தியை எப்போது எடுப்பது, எப்போது எடுக்காமல் விடுவது என்ற உரிமை முழுக்க ஆசிரியரிடம் இருக்க வேண்டும். மேலதிகாரி அதில் தலையிடக் கூடாது. ஆனால் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் அதை அடியோடு ஒதுக்கவும் முடியாது. ஒரே சம்பவத்தைச் சென்னை நாளிதழ் ஒரு விதமாகவும் கொழும்பு நாளிதழ் வேறு விதமாகவும் எழுதுகின்றன. ஒன்றில் பாரம்பரியக் கடலில் தொழில் செய்தவர் பிடிபட்டார். மற்றதில் எல்லை தாண்டியவர் பிடிபட்டார். தமிழக விசைப்படகுகள் பயன்படுத்தும் இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. அந்த மடியால் வலை இழந்த வடக்கு மாகாண மீனவர்களும் தமிழர்கள்தாம். இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கும் மாணவர், யார் பேச்சு இதில் இருக்கிறது, யார் பேச்சு விடுபட்டிருக்கிறது என்று கேட்கத் தொடங்குவார். இலக்கணப் பயிற்சி ஏடு இதைக் கற்றுத்தராது.

கடலோர மக்கள் ஆங்கிலம் படித்தால் அரசு தமிழில் பேசும் கடமையிலிருந்து விடுபட்டுவிடும் என்று சிலர் அஞ்சக்கூடும். அதற்கு இடம் கொடுக்கவே கூடாது. 2020இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வந்தது. எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அதைப் பெயர்க்குமாறு தில்லி உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூன் 30 அன்று உத்தரவிட வேண்டியிருந்தது. தமிழில் கேட்பது மக்களின் உரிமை. அதற்காகத் தொடர்ந்து போராடத்தான் வேண்டும். ஆனால் வழக்கு நடக்கும் காலத்திலும், இத்தகைய வரைவுகள் மீது மக்கள் கருத்துச் சொல்லும் கெடு ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த நாட்களில் ஆங்கில அறிவிக்கையைப் படித்து ஊர்க்கூட்டத்தில் விளக்க, அதே ஊரில் பிறந்த பத்துப் பேராவது வேண்டாமா?

இதற்குப் பெரிய திட்டமோ கோடிக்கணக்கில் நிதியோ தேவையில்லை. மாவட்ட ஆட்சியரும் முதன்மைக் கல்வி அலுவலரும் முடிவெடுத்தால் வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போதே தொடங்கலாம். ஜூன் 14இல் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குக் கிளம்பும் செய்தியை முதல் வாரத் தாளில் போடலாம். அதைத் திருத்தி எழுத, விவரம் சேர்க்க, தவறு கண்டுபிடிக்க வகுப்பில் பாதிப் பேர் கையைத் தூக்குவார்கள்.