எக்சோசோம்: ஆய்வுப் பொருளா, அங்காடிச் சரக்கா?

விஞ்ஞானத்தின் பெயரால் விற்கப்படுவன யாவும் விஞ்ஞானம் ஆகிவிடா. எக்சோசோம் என்னும் சொல் இன்று அடைந்துள்ள நிலையே இதற்குத் தக்க சான்றாகும்.

நம் உடற்கலங்கள் வெளிவிடும் நுண்பைகளே எக்சோசோம்கள். பருமன் ஏறத்தாழ 30 முதல் 150 நனோமீற்றர். முதிராச் செங்குழியங்கள் தமக்கு வேண்டாத புரதத்தை இவ்வழியே கழிப்பதை 1983இல் வட அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். கழிவெனக் கருதப்பட்ட இவை ஆர்.என்.ஏ.யை ஏந்திச் சென்று பிற கலங்களுக்குச் செய்தி சேர்ப்பதை 2007இல் சுவீடன் ஆய்வாளர் காட்டினர். மருந்தைச் சுமக்கும் தூதாகவும், ஆறாப் புண்ணையும் மூட்டுத் தேய்வையும் ஆற்றும் துணையாகவும் இவை அமையலாம் என்ற நம்பிக்கை அதன்பின் வலுத்தது. அந்நம்பிக்கையை யாம் பழிக்கவில்லை. அது மெய்ப்பிக்கப்படுமுன் விலைகூறி விற்கப்படுவதையே எதிர்க்கிறோம்.

“உடலில் இயல்பாய் உண்டாவது, தீங்கு செய்யாது” என்பது விற்போர் வாதம். புற்றுநோய்க் கலங்களும் எக்சோசோம்களை வெளிவிடுகின்றன. நோய் பரவுதற்கு அவை களம் அமைக்கின்றன. ஆகவே எக்கலத்திலிருந்து, எவ்வளவு, எத்துணைத் தூய்மையுடன் என்பனவே வினாக்கள். 2019 டிசெம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம், நெப்ராஸ்காவில் இத்தகைய சிகிச்சை பெற்றோர் கடுமையாகப் பாதிக்கப்பட்டதைக் கூறி, எந்த எக்சோசோம் பொருளுக்கும் தான் அனுமதி வழங்கவில்லை என எச்சரித்தது.

“ஆய்வு முடியும்வரை நோயாளி காத்திருப்பதா?” என்பர். முறையான ஆய்வில் வெற்றியும் தோல்வியும் பதிவாகின்றன. கடையிலோ பணம் மட்டுமே பதிவாகிறது. அங்கு ஒருவன் படும் துன்பம் அடுத்தவனுக்குப் பாடமாவதுமில்லை.

சட்டம் காக்கும் என வாளாவிருக்கவும் இயலாது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை தோன்றியது. எனினும் 2023இல் இமியூனோகுளோபியூலின் என்ற பெயரில் தரங்கெட்ட மருந்து அரச வைத்தியசாலைகளை அடைந்ததை நாடறியும்.

கலைப்பீடத்தாருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் நீரிழிவாலும் மூட்டுவலியாலும் வருந்துவோர் வயற்காணியை ஈடுவைத்தேனும் குணம்பெற விழைவர். அவர்முன் நீட்டப்படும் ஆங்கிலப் பத்திரத்தில் இடும் கையொப்பம் சம்மதமாகுமா? விளங்காத மொழியில் பெற்ற சம்மதம் சம்மதமன்று. எதிலிருந்து எடுத்தது, யார் அனுமதித்தது, எவ்வாய்வில் தேறியது என்னும் மூன்று வினாக்களையும் நம் மக்கள் தமிழிற் கேட்கட்டும். விடை தமிழில் வரும்வரை காணி உறுதி பெட்டியிலேயே இருக்கட்டும்.