ஆளைக் கேட்காத ஒப்பந்தங்கள்

1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் டில்லியில் உட்கார்ந்து 9 லட்சத்து 75 ஆயிரம் மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சமுள்ள ஒன்றரை லட்சம் பேர் கதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974-இல் அதையும் பாதிப் பாதியாக்கினார்கள். பங்கு போடப்பட்டவர்கள் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். அவர்கள் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர் தொண்டமானின் எதிர்ப்பும் எடுபடவில்லை.

நாரணாபுரத்திலிருந்து வரும் இதழுக்கு இது அந்நியச் செய்தி அல்ல. ஆள் சேர்த்த கங்காணிகளின் பின்னால் கடல் கடந்தவர்கள் மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்தாரோடு நம் ராமநாதபுரம் சீமையின் வானம் பார்த்த பூமிக்காரர்களும்தான்.

அமெரிக்காவின் பழங்குடிகளான செரோக்கி மக்களுக்கும் ஒப்பந்தம் என்ற பெயரில்தான் இதே அநீதி நடந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் சட்டம் செரோக்கி நிலத்தில் செல்லாது என்று 1832-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆனால் 1835-இல் ஒரு சிறு குழுவை நியூ எக்கோட்டாவில் கூட்டி, நிலத்தை விட்டு மேற்கே போகச் சம்மதம் என்று கையெழுத்து வாங்கினார்கள். தலைவர் ஜான் ராஸ் அதில் ஒப்பமிடவில்லை. ஆயிரக்கணக்கானோர் எழுதிக் கொடுத்த மறுப்பு மனுவும் வீணாயிற்று. 1838-இல் பட்டாளம் வந்து வீடுகளிலிருந்து ஆட்களை வளைத்துப் பிடித்தது. மேற்கே போன வழியிலும் அடைத்து வைத்த முகாம்களிலும் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டதாகக் கணக்குச் சொல்வார்கள்.

செரோக்கிகள் வழக்கில் வென்றும் துரத்தப்பட்டார்கள். நம்மவர்கள் வழக்கிலும் தோற்றார்கள். 1947 தேர்தலில் அவர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. அடுத்த ஆண்டே அவர்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949-இல் வாக்குரிமையும் போயிற்று. அதே ஆண்டு வந்த இன்னொரு சட்டம், விண்ணப்பித்தால் குடியுரிமை தருவதாகச் சொன்னது. மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டும். தோட்டத்து லயன் குடியிருப்பில் பிறந்தவரிடம் பிறப்புச் சான்று ஏது? இந்தியாவிலுள்ள சொந்த ஊரில் ஒரு சாவு, ஒரு கல்யாணம் என்று வந்து ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டால் அந்த வசிப்பும் அறுந்துபோகும். 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பெரும்பாலானவை தள்ளுபடியாயின.

வாக்காளர் பட்டியலில் பெயர் கேட்டு, இந்திய வம்சாவளியினரான கோடாக்கன் பிள்ளை வழக்காடினார். ஒரு சமூகத்தாரை மட்டும் குறிவைத்துச் சட்டம் இயற்றுவதை இலங்கை அரசியல் சாசனத்தின் 29-வது பிரிவு தடுத்தது; அதுதான் அவர் தரப்பின் வாதம். கொழும்பு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தன் குடிமக்கள் யார் என்று தீர்மானிப்பது நாடாளுமன்றத்தின் உரிமை என்று, மேல்முறையீட்டில் லண்டன் பிரிவி கவுன்சிலும் 1953-இல் சொல்லிவிட்டது. சட்டத்தின் எழுத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை என்பதே நீதிபதிகளுக்குப் போதுமானதாக இருந்தது. அந்தச் சட்டம் யார் வீட்டு அடுப்பை அணைத்தது என்பதை அவர்கள் பார்க்கவில்லை. இதை அநீதி என்றுதான் நாம் சொல்கிறோம்.

1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டவர்களுக்குத் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரம், அங்கிருந்து மண்டபம் முகாம். சிலருக்கு நீலகிரியில் தமிழக அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறிக்கும் வேலை. வியாபாரக் கடன் என்று கொஞ்சம் பணத்தோடு முன்பின் தெரியாத ஊர்களில் இறக்கிவிடப்பட்டவர்கள் பலர்.

இந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பின் உயிர் தப்பி வந்தவர்களில் மலையக வம்சாவளியினரும் உண்டு. அவர்களில் பல்லாயிரம் பேர் இன்றும் தமிழக முகாம்களில் இருக்கிறார்கள். முறையான பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் வந்தவர்கள் என்பதால் இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் கண்ணில் அவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள். அப்படி வந்தவர்களில் சிலருக்கு வழிவிட 2019 டிசம்பரில் அந்தச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தபோதும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. அதே ஆண்டு ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்திய வம்சாவளி மனுதாரர்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். அவர்களைச் சாதாரண ஊடுருவல்காரர்களாகப் பார்க்கக் கூடாது என்ற நிலையிலிருந்து எழுந்த தீர்ப்பு அது.

நம் விருதுநகர் மாவட்டத்திலேயே குல்லூர்சந்தையிலும் ஆனைக்குட்டத்திலும் முகாம்கள் இருக்கின்றன. முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று 2021-இல் மாநில அரசு மாற்றியது நல்லதுதான். ஆனால் பெயர் மாறியதால் குடியுரிமை வந்துவிடாது. இந்திய வம்சாவளியினர் ஒவ்வொருவரிடமும் மனு வாங்கி, மாவட்ட ஆட்சியர்கள் தங்கள் பரிந்துரையோடு மத்திய உள்துறைக்கு அனுப்ப வேண்டும். தாத்தாவின் ஊர் எது என்று சொல்ல முடிந்தவருக்குக் கைவசம் காகிதம் இல்லையென்றால், அந்தந்த ஊரின் பழைய பதிவேடுகளைத் தேடிக் கொடுக்கும் வேலையை அரசே ஏற்க வேண்டும். சொந்தம் தெரிந்த ஊர்க்காரர்கள் சாட்சி சொல்ல முன்வர வேண்டும்.