மீனை கடைசியில் வாங்குங்கள்!



போன வருடம் திருவிழாக் கடையில் என் தம்பி உண்டியல் காசைக் கொடுத்து ஒரு கண்ணாடிக் கிண்ணமும் இரண்டு தங்கமீனும் வாங்கி வந்தான். நாலாம் நாள் காலையில் இரண்டும் மேலே மிதந்தன. "கடைக்காரர் நோய் பிடிச்ச மீனைக் கொடுத்துட்டார்"னு அழுதான். நானும் அதையே நம்பினேன். இப்போது நம்பவில்லை. மீனைக் கொன்றது நாங்கள்தான்.

இந்த வருடம் எங்கள் சித்தப்பா புது வீட்டு ஹாலில் நாலடி நீளத்தில் பெரிய மீன் தொட்டி கட்ட ஆசைப்பட்டார். தம்பி உடனே, "முதல்ல மீன் வாங்கிடலாம் சித்தப்பா"ன்னு குதித்தான். என் கருத்து என்னவென்றால், தொட்டி கட்டுங்கள், பெரிதாகவே கட்டுங்கள். ஆனால் மீனைக் கடைசியில் வாங்குங்கள். அதற்கு முன்னால் மூன்று கணக்கு இருக்கிறது.

முதல் கணக்கு, எடை. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டு அடி உயரம். பெருக்கினால் 12 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக மொத்தம் சுமார் 340 லிட்டர், அதாவது 340 கிலோ தண்ணீர். கண்ணாடி, மணல், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் 450 கிலோ பக்கம் வந்துவிடும். ஒன்பது மூட்டை சிமெண்ட்டை ஹாலில் ஒரே இடத்தில் அடுக்கின மாதிரி! டி.வி. மேசை மேல் இதை வைக்க முடியுமா? வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் இரும்பில்தான் ஸ்டாண்டு அடிக்க வேண்டும். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தாலும், கீழே ஒரு சின்னக் கல் இருந்தாலும் கண்ணாடி விரிசல் விடும். அதனால்தான் அடியில் தெர்மாகோல் போடுகிறார்கள்.

கண்ணாடியிலும் மிச்சம் பிடிக்கக் கூடாது. தண்ணீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது என்று படித்திருக்கிறோம். இரண்டடி ஆழம் நிரம்பினால், நாலடி நீள முன் கண்ணாடியை 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள விசை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், ராத்திரி பகல் விடாமல். கடையில் "6 மி.மீ. கண்ணாடி போதும், காசு கம்மி"ன்னு சொன்னார்கள். சித்தப்பா 12 மி.மீ. வாங்கினார். அதுதான் சரி. ஒட்டுவதற்கும் மீன் தொட்டிக்கான சிலிகான் பசைதான் வேண்டும். பூஞ்சைக்கொல்லி கலந்த பாத்ரூம் பசை மீனுக்கு விஷம். ஒட்டி ஒரு வாரம் காயவிட்டு, வெளியிலேயே தண்ணீர் நிரப்பி ஒழுகுதான்னு பார்த்த பிறகுதான் வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவது கணக்கு, நாள். இதுதான் தம்பிக்குப் பிடிக்காத கணக்கு. மீனின் கழிவும், தின்னாமல் மிஞ்சின தீனியும் அழுகி அம்மோனியா ஆகிறது. அது மீனின் செவுளை எரித்துவிடும். நைட்ரஜன் சுழற்சியில் வருகிற பாக்டீரியாக்கள்தான் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் மீனுக்கு விஷம்தான். நைட்ரேட் கொஞ்சம் இருந்தால் மீன் தாங்கும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் போதுமான அளவு இருக்காது. பில்டர் பஞ்சிலும் மணலிலும் அவை பெருக நாலு முதல் ஆறு வாரம் வரை ஆகும். எங்கள் கிண்ணத்தில் பில்டரும் இல்லை, நாளும் இல்லை, போதுமான தண்ணீரும் இல்லை. சின்னக் கிண்ணத்தில் விஷம் சீக்கிரம் ஏறும். பெரிய தொட்டியில் அதே கழிவு நிறைய தண்ணீரில் கலந்து மெதுவாகத்தான் ஏறும். அதனால் பெரிய தொட்டிதான் மீனுக்கு நல்லது, நமக்கும் சுலபம்.

இப்போது சித்தப்பா வீட்டுத் தொட்டியில் மீனே இல்லை. பில்டர் ஓடுகிறது, பாக்டீரியா வளர தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுகிறோம். பக்கத்து வீட்டு ஆயா வந்து பார்த்துவிட்டு, "மீனே இல்லாத தொட்டிக்கு தினமும் சோறு போடுற குடும்பத்த இப்பத்தான்டி பாக்குறேன்"னு சிரித்தார். சிரிக்கட்டும். இது நாலாவது வாரம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் என்று சோதனைச் சொட்டு மருந்து காட்டின பிறகுதான் மீன். அதுவும் நாலைந்து தங்கமீன் மட்டும். தங்கமீன் அரை அடிக்கு மேல் வளரும்.

மூன்றாவது கணக்கு, குடம். இதை யாரும் போடுவதே இல்லை. வாரா வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். அது 85 லிட்டர், கிட்டத்தட்ட ஆறு குடம். பைப்புத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலந்திருப்பதால் முதல் நாளே பிடித்துத் திறந்து வைக்க வேண்டும். பில்டர் பஞ்சையும் பைப்பில் காட்டாமல் தொட்டித் தண்ணீரிலேயே அலச வேண்டும், இல்லாவிட்டால் வளர்த்த பாக்டீரியா செத்துப்போகும். சரி, அந்த ஆறு குடத்தை யார் தூக்குவது? ஆசைப்படுவது ஆம்பளைங்க, குடம் தூக்குவது நானும் சித்தியும் என்றால் அது நியாயமா? நான் சித்தப்பாவிடம் நேராகவே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சரிம்மா, ஞாயித்துக்கிழமை நானும் தம்பியும் தூக்குறோம்" என்றார். அதைத் தொட்டியின் பக்கத்துச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன்.

சிலர் கேட்கலாம், குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் மீனுக்கு 340 லிட்டரா? நல்ல கேள்வி. சித்திரை வைகாசியில் குடத்துக்கு வரிசையில் நிற்கிற தெருவில் தொட்டி கட்டவே வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். எங்கள் தெருவில் கிணறு இருக்கிறது. எடுக்கிற பழைய தண்ணீரையும் சாக்கடையில் ஊற்ற மாட்டோம். நைட்ரேட் செடிக்கு உரம் என்பதால் வாழைக்கும் கீரைக்கும் ஊற்றப் போகிறோம்.

இன்னொன்று. வளர்க்க முடியாவிட்டால் ஏரியில் விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்ய வாங்குகிற சக்கர் மீன் அப்படி விடப்பட்டுத்தான் நம் தமிழ்நாட்டு ஏரிகளிலும் பெருகிவிட்டது. வலையையும் கிழிக்கிறது, நம்ம மீனின் இடத்தையும் பிடிக்கிறது.

தோழர்களே, மீன் பொம்மை இல்லை, உயிர். கணக்குப் போட்டுக் காத்திருக்க முடிந்தவர்கள் தொட்டி கட்டுங்கள். முடியாதவர்கள் குளக்கரையில் உட்கார்ந்து பாருங்கள், அங்கே மீன் இலவசம், குடமும் தூக்க வேண்டாம்.

அவசரப்பட்டு வாங்கின மீன் நாலு நாள்!
காத்திருந்து வாங்கின மீன் பல வருடம்!

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி