பிழை ஒருமுறைதான் திருத்தப்பட வேண்டும்

உயர்தர மாணவியர் கைகளில் வருடந்தோறும் சுற்றிவரும் வினா-விடைத் தொகுப்பு ஒன்றில் உள்ள பிழை, முற்றாக மறைய எத்தனை வருடங்கள் எடுக்கும்? ஒருவர் தன் பிரதியில் பேனாவால் திருத்துகிறார். மற்றைய போட்டோ கொப்பிகளில் அது அப்படியே இருக்கிறது. மூலக் கோப்பு யாரோ ஒருவருடைய கணினியில், பாமினி எழுத்துருவில் கிடக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக்களே தெரியும். ஒரு வினாவைச் சேர்த்தால் இலக்கங்கள் மாறும், பக்கங்கள் நகரும், பொருளடக்கம் பழையதாகவே நிற்கும்.

இந்தத் தொல்லைக்கு உலகம் எப்போதோ வழி கண்டுவிட்டது. 1977இல் தன் கணினியியல் நூலின் அச்சுப்படியைப் பார்த்து அதிருப்தியடைந்த பேராசிரியர் டொனால்ட் நூத், 1978இல் ‘டெக்’ என்ற மென்பொருளை உருவாக்கினார். லெஸ்லி லாம்போர்ட் 1980களில் அதன்மேல் ‘லாடெக்’கைக் கட்டினார். இதில் நாம் எழுதுவது வெறும் எழுத்தும் குறியீடுகளும்தான். சமன்பாடு, இலக்கமிடல், பக்க அமைப்பு எல்லாம் இயந்திரத்தின் வேலை. ஆனால் பொருளடக்கம் சரியாக வர அதை இரண்டு மூன்று முறை இயக்க வேண்டும். முதல் முறையில் குறித்துவைக்கும் பக்க எண்களை அடுத்த முறைதான் அது எடுத்துக்கொள்ளும்.

மனிதர் மறக்கக்கூடிய இந்த வேலையையும் இயந்திரத்திடம் விடலாம். பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டுவர்ட் பெல்ட்மன் 1976இல் எழுதிய ‘மேக்’ என்ற கருவி, எந்தக் கோப்பு எதிலிருந்து பிறக்கிறது என்பதை அறிந்து, மாறியவற்றை மட்டும் மீண்டும் தயாரிக்கும். ஒரே கட்டளை போதும். தமிழிலும் இது புதிதல்ல. ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ தன்னார்வலர்கள் ஒரே நூலைக் கணினிக்கும் கைபேசிக்கும் ஏற்ற பல வடிவங்களில் இலவசமாகத் தருகிறார்கள்.

“வேர்ட் போதாதா?” என்று கேட்பார்கள். ஒரு பக்க அறிவித்தலுக்குப் போதும். வருடந்தோறும் திருத்தி வெளியிடும் நூறு பக்க இணைந்த கணிதத் தொகுப்புக்குப் போதாது. கற்பது கடினம் என்பதும் உண்மைதான். ஆனால் எல்லோரும் கற்க வேண்டியதில்லை. தகவல் தொழினுட்பம் படிக்கும் இருவர் ஒருமுறை அமைத்துவிட்டால், மற்றவர்கள் யுனிகோட்டில் தட்டச்சு செய்தால் போதும். இந்த மென்பொருள்கள் இலவசம். பழைய கணினியிலும் ஓடும்.

இயந்திரம் எல்லாவற்றையும் காக்காது. பிழையான விடையையும் அது அழகாக அச்சிட்டுத் தரும். ஆகவே வாசித்துச் சரிபார்க்கும் ஆசிரியையின் கண் எப்போதும் வேண்டும். ஆனால் அவர் கண்டுபிடித்த பிழையை மூலத்தில் ஒருமுறை திருத்தினால், அடுத்த பிரதியிலிருந்து அது எல்லோருக்கும் திருந்திவிடும்.

திரியாய் போன்ற ஊர்களிலிருந்து திருகோணமலை நகரத்து ரியூஷன் வகுப்புகளுக்குப் போக முடியாத பிள்ளைகளுக்கு அச்சிட்ட குறிப்புத்தான் ஆசிரியர். அதில் குறி மாறிய ஒரு சமன்பாடு, கேட்டுத் தெளிய ஆளில்லாத பிள்ளையைத்தான் அதிகம் ஏமாற்றும். எனவே எமது கல்லூரி அடுத்த தவணையிலேயே ஒரு பாடத்தின் தொகுப்பை இம்முறையில் தயாரித்து, ஒவ்வொரு பக்கத்திலும் பதிப்புத் திகதி தானாக விழும்படி வெளியிட வேண்டும். கையிலிருப்பது பழைய பிரதியா புதியதா என்று அறியும் உரிமை எல்லா மாணவியருக்கும் உண்டு.