வேண்டாம் என்போருக்கும் ஒரு பெட்டி!

விதை தூவுமுன் உழவன் நாலு பேரைக் கேட்கிறான். மழை பொய்க்குமா பெய்யுமா, மண் தாங்குமா, சின்ன வெங்காயம் போடலாமா, மக்காச்சோளமே போதுமா என்று வரப்போரம் நின்று வயதில் மூத்தவரைக் கேட்கிறான். கேட்டதால் அவன் தாழ்ந்து போவதில்லை. குரும்பலூர் வயல்வெளியில் அன்றாடம் காணும் அறிவு இது. நாடாள வந்தோர்க்கு மட்டும் இது நாணத்துக்குரியதாகத் தோன்றுவானேன்?

1956ஆம் ஆண்டு, மே திங்கள். குரும்பலூர் அன்று திருச்சி மாவட்டத்து ஊர். அந்தத் திருச்சியில் தி.மு.கழகத்தின் இரண்டாவது மாநில மாநாடு. தேர்தல் களம் புகுவதா, புகாமல் கிளர்ச்சி இயக்கமாகவே நடைபோடுவதா என்பது கேள்வி. ‘நிற்போம்’ என்று அறிஞர் அண்ணா ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். பந்தல் அதிரக் கையொலி எழுந்திருக்கும். அண்ணா அப்படிச் செய்யவில்லை. பெட்டிகளை வைத்தார். வந்திருந்தோர் வாக்களித்தனர். நிற்க வேண்டும் என்றோர் 56,942 பேர். வேண்டாம் என்றோர் 4,203 பேர்.

56,942 என்ற எண்ணைப் பெருமையோடு பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் இன்று நாம் நினைத்துப் பார்க்க வேண்டியது அந்த 4,203ஐ! மறுத்தோரைத் துரோகி என்று தூற்றவில்லை. அவர்தம் வாக்கை மறைக்கவுமில்லை. எண்ணினார்கள், நாடறியச் சொன்னார்கள். அந்த முடிவின்மீது எழுந்ததுதான் 1957இல் 15 இடம், 1962இல் 50 இடம், 1967இல் கோட்டை!

வேண்டாம் என்போருக்குப் பெட்டி வைக்காத ஆட்சியையும் நாடு கண்டது. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் இரு வேளாண் மசோதாக்கள். தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்றனர் எதிர்க்கட்சியினர், மறுக்கப்பட்டது. தலைகளை எண்ணி வாக்கெடுங்கள் என்றனர், அதுவும் மறுக்கப்பட்டது. குரல் வாக்கெடுப்பிலேயே கதை முடிந்தது. முடிந்ததா? டெல்லி எல்லையில் உழவர்கள் ஓராண்டுக்கு மேல் குளிரிலும் வெயிலிலும் கிடந்தார்கள். 2021 நவம்பரில் மூன்று வேளாண் சட்டங்களும் திரும்பப் பெறப்பட்டன.

எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் காரியம் நடக்குமா என்பார் சிலர். திருச்சியில் கேட்டு முடிக்க ஒரு மாநாடு போதுமானதாயிருந்தது. டெல்லியில் கேளாமல் செய்ததைத் திருத்த ஓராண்டுக்கு மேலாயிற்று. எது காலவிரயம்?

ஊருக்குத்தானா உபதேசம்? நமக்கும்தான், தோழர்களே! குரும்பலூர் பேரூராட்சி, ஆகவே அங்கே சட்டப்படி கிராம சபை கிடையாது. கேட்கும் பொறுப்பு அங்குள்ள கிளைக் கழகத்துக்கு இன்னும் கூடுதல். குடிநீர்க் குழாய் எந்தத் தெருவுக்கு முதலில், உள்ளாட்சித் தேர்தலில் வேட்பாளர் யார் என்பதை நாலு பேர் அறைக்குள் முடித்துவிட்டு, நாற்பது பேரைக் கூட்டிக் கை தூக்கச் சொன்னால் அதற்கு ஆலோசனை என்றா பெயர்? அது அறிவிப்பு! தலைமைக்கு நாம் சொல்வது இது: முடிவுக்கு முன்னே கேளுங்கள், மறுப்பவன் பேசி முடிக்கும்வரை கேளுங்கள்.

தொண்டர்க்கும் கடமை உண்டு. கூட்டத்தில் ‘ஆமாம்’ என்று தலையாட்டி, தெருமுனையில் ‘நான் அப்போதே நினைத்தேன்’ என்று முணுமுணுப்பவனால் கட்சிக்கும் பயனில்லை, ஊருக்கும் பயனில்லை. பகலெல்லாம் உழைத்துக் களைத்து மாலையில் கூட்டத்துக்கு வரும் தொழிலாளத் தோழன் வாய்மூடி இருக்கவா வருகிறான்? சொல்ல வேண்டியதைச் சொல்லவேண்டிய இடத்தில் அஞ்சாமல் சொல்லுங்கள். பெரும்பான்மை முடிவான பின், தோளோடு தோள் நின்று பணியாற்றுங்கள்.

அண்ணா பெயரால் மன்றம் வைக்கிறோம், சிலை வைக்கிறோம். வைப்போம். அவர் திருச்சியில் வைத்த பெட்டியையும் ஒவ்வொரு கிளையிலும் வைப்போம்!