பழைய கணினிக்கு மலிவான அட்டை: விலையை மட்டும் பார்த்தால் போதுமா?



விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் வழங்கிவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அதையே காரணமாக்கி, நன்றாக இயங்கும் மேசைக் கணினியையும் ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்கப் பலர் எண்ணுகின்றனர். இணையத்தில் இணைக்காமல், பயிற்றிகளையும் பள்ளி நிகழ்வுப் படங்களையும் காக்கும் பெட்டகமாக அக்கணினி இன்னும் பல்லாண்டு உழைக்கும் என்பது என் கருத்து.

தடை ஒன்று உண்டு. பழைய தாய்ப்பலகைகளில் வன்தட்டைப் பொருத்தும் சாட்டா முனைகள் குறைவு. அக்குறையைத் தீர்ப்பது சேமிப்புக் கட்டுப்பாட்டு அட்டை. இரு முனைகள் கொண்ட அட்டை பெரும்பாலும் நூறு ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். மலிவாக வாங்குவது தவறன்று. தன் கணினியின் செருகுவாயையும் அட்டையிலுள்ள சில்லின் பெயரையும் அறியாமல் வாங்குவதே தவறு.

முதலில் செருகுவாய். அட்டைப் பெட்டியின்மேல் ‘விநாடிக்கு 6 கிகாபிட்’ என அச்சிட்டிருப்பார்கள். ஆனால், பழைய பிசிஐ செருகுவாய் விநாடிக்கு 133 மெகாபைட் மட்டுமே கடத்தும். முதல் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸின் ஒற்றைத் தடம் 250 மெகாபைட்டும் இரண்டாம் தலைமுறை 500 மெகாபைட்டும் கடத்தும். தாய்ப்பலகையிலேயே உள்ள இரண்டாம் தலைமுறைச் சாட்டா முனையோ 300 மெகாபைட் வரை தரும். ஆக, முதல் தலைமுறைச் செருகுவாயில் பொருத்திய புதிய அட்டை, ஏற்கெனவே உள்ள முனையைவிட மெதுவாகவே இயங்கும்! வேகத்தை நாடி அட்டை வாங்காதீர்கள்; முனை போதாவிட்டால் மட்டும் வாங்குங்கள்.

அடுத்தது சில்லு. இரண்டு வட்டுகளுக்கு ஏஎஸ்மீடியா நிறுவனத்தின் ஏஎஸ்எம்1061 போதும். ஐந்து வட்டுகளுக்கு ஜேமைக்ரானின் ஜேஎம்பி585 உண்டு. அது இரு தடங்களுக்கென வடிவமைக்கப்பட்டது என்பதால் நீண்ட செருகுவாய் தேவைப்படும். பத்து, பதினாறு முனைகளை மிக மலிவாகத் தரும் அட்டைகளில் பல, ஒரே பாதையைப் பல முனைகளுக்குக் கூறுபோட்டுத் தருபவை. அப்பாதையில் ஒரு வட்டு தடுமாறினால் மற்றவையும் தடுமாறக்கூடும்.

மூன்றாவது, ‘ரெய்டு’ என்னும் கவர்ச்சி. மலிவு அட்டையின் வழியே வட்டுகளைப் பிணைத்து வைத்தால், அட்டை பழுதாகும் நாளில் அதே வகைச் சில்லைத் தேடி அலைய நேரலாம். எளிய ஏஎச்சிஐ முறையில் இயங்கும் அட்டையானால், வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் செருகிப் படிக்கலாம். விண்டோஸ் 7 முதலான பதிப்புகளும் லினக்ஸும் அத்தகைய அட்டையைப் பொதுவாகத் தாமே அடையாளம் காணும். இயங்குதளம் உள்ள வட்டைத் தாய்ப்பலகையிலேயே விட்டுவிடுங்கள். சில அட்டைகளிலிருந்து பழைய கணினி தொடங்காது.

இவையெல்லாம் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் எதற்கு என்று கேட்கலாம். பாயான் லெப்பாசில் இன்டெல் நிறுவனம் 1972ஆம் ஆண்டு ஆலை தொடங்கியது. அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சில்லுகளைப் பொருத்தியும் சோதித்தும் உலகிற்கு அனுப்பும் தீவு நம் பினாங்கு. அவ்வட்டாரத் தொழிற்சாலைகளில் உழைக்கும் பெற்றோரும் நம்மிடையே உள்ளனர். இத்தகைய ஊரில், கடைக்காரரிடம் விலையை மட்டும் கேட்டுத் திரும்புவது நமக்கு அழகா? பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். ‘இதில் எந்தச் சில்லு? எங்கள் கணினியில் எந்தச் செருகுவாய்?’ என அவர்களே கேட்கட்டும். அந்த இரு கேள்விகளும் அறிவியல் பாடந்தான்.

இறுதியாக ஒன்று. எந்த அட்டையும் கோப்புகளைக் காப்பதில்லை, மறுபடிதான் காக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உருவாக்கிய பயிற்றியும், கதைசொல்லும் போட்டியில் பதிவான பிஞ்சுக் குரலும் எந்தக் கடையிலும் மீண்டும் கிடைக்கா. அட்டையில் மிச்சமாகும் பணத்தை ஒரு வெளிவட்டுக்குச் செலவிடுங்கள். அதில் ஒரு படியெடுத்து வேறிடத்தில் வையுங்கள். அதன் பிறகு, பழைய கணினியை நம்பி வேலை தரலாம்.