மானியம் மட்டும் போதாது, சொன்ன சொல் நிற்க வேண்டும்

2023 டிசம்பர் 16, சனிக்கிழமை. மின்சார கார் வாங்குவோருக்கான மானிய விண்ணப்பங்களை மறுநாளோடு நிறுத்திக்கொள்வதாக ஜெர்மனியின் பொருளாதார அமைச்சகம் அறிவித்தது. 40,000 யூரோவுக்கு உட்பட்ட காருக்கு அரசு தந்துவந்த பங்கு 4,500 யூரோ. காரைத் தன் பெயரில் பதிவு செய்த பிறகுதான் அதற்கு விண்ணப்பிக்க முடியும். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, கார் வந்துசேரக் காத்திருந்த குடும்பங்கள் ஒரே நாளில் அந்தத் தொகையை இழந்தன. கார் நிறுவனங்கள் சில அந்தச் சுமையைத் தாங்களே ஏற்றுக்கொண்டன. அரசிடம் காரணம் இருந்தது. இந்த மானியத்துக்குப் பணம் தந்த பருவநிலை நிதிக்கு 6,000 கோடி யூரோவைத் திருப்பிவிட்டது செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் முந்தைய மாதம்தான் தீர்ப்பளித்திருந்தது. ஆனால் வாங்க வந்தவருக்கு அந்தக் காரணத்தால் என்ன பயன்? 2023இல் ஜெர்மனியில் பதிவான புதிய மின்சார கார்கள் சுமார் 5,24,000. அடுத்த ஆண்டு அது 3,80,000 ஆகச் சரிந்தது.

இந்தச் சரிவைக் காட்டி, ஐரோப்பியர்களுக்குப் புதிய தொழில்நுட்பத்தின் மேல் ஆர்வம் வற்றிவிட்டது என்று எழுதினார்கள். வயதானோர் மிகுந்த கண்டம், பழகியதை விட மனம் வராத மக்கள் என்றெல்லாம் விளக்கங்கள் வந்தன. அவற்றை என்னால் ஏற்க முடியவில்லை. ஐரோப்பிய நுகர்வோர் விலையுயர்ந்த புதுப் பொருளை வாங்கும்போது இன்றைய விலையை மட்டும் பார்ப்பதில்லை. பத்தாண்டுகளுக்கு அதை வைத்துக்கொள்ளப் போகிறோம், அதுவரை இன்றுள்ள வரியும் சட்டமும் சேவையும் நிற்குமா என்று பார்க்கிறார்கள். நிற்கும் என்று நம்பிய இடங்களில் தயங்காமல் வாங்கியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கை உடைந்த இடங்களில் மானியத்தை நீட்டினாலும் கைகட்டி நின்றிருக்கிறார்கள்.

நார்வேயின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 2024இல் அங்கே விற்ற புதிய கார்களில் 88.9 சதவீதம் முழு மின்சார கார்கள். பலர் கவனிக்காமல் விடுவது இதன் காலக்கணக்கை. மின்சார காருக்குக் கொள்முதல் வரி விலக்கு வந்தது 1990இல். 1997இல் சுங்கச்சாவடிக் கட்டணம் போயிற்று. 2001இல் 25 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் நீங்கியது. அப்போது குடும்பம் வைத்து ஓட்டத்தக்க மின்சார கார் சந்தையில் அநேகமாக இல்லை. நிசான் லீஃப் 2011இல்தான் அங்கே விற்பனைக்கு வந்தது, டெஸ்லாவின் மாடல் எஸ் 2013இல். விதி பத்தாண்டுகளுக்கு மேல் மாறாமல் நின்று காருக்காகக் காத்திருந்தது. கார் வந்தபோது, இந்தச் சலுகை நாளைக்கும் இருக்குமா என்று கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் எழவில்லை. சலுகையைக் குறைத்தபோதும் ஒழுங்கு இருந்தது. 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் மதிப்புக் கூட்டு வரி என்பதை முன்கூட்டியே அறிவித்து, 2023 ஜனவரியில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். விற்பனை விகிதம் அதன் பிறகும் ஏறியது.

எண்ணெய்ப் பணத்தில் மிதக்கும் நாட்டை எடுத்துக்காட்டாகக் காட்டலாமா என்ற கேள்வி உடனே வரும். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் டென்மார்க்கைப் பார்க்க வேண்டும். நார்வேக்கு இருப்பதுபோன்ற எண்ணெய் நிதி அதற்கு இல்லை. மின்சார காருக்கும் அங்கே மதிப்புக் கூட்டு வரியை முழுமையாகவே கட்ட வேண்டும். மின்சார கார்களுக்கான பதிவு வரி விலக்கை 2016 முதல் படிப்படியாக நீக்க டென்மார்க் முடிவெடுத்தது. நார்வேயில் விற்பனை ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில் அங்கே அது தரைதட்டியது. கடல் தாண்டினால் நார்வே, ஏறக்குறைய ஒரே மாதிரி வாழ்க்கைத் தரம், கடையிலும் அதே கார்கள். 2020 டிசம்பரில் கட்சிகள் உடன்பட்டு, பதிவு வரி எந்த ஆண்டில் எவ்வளவு ஏறும் என்று 2030 வரைக்கும் ஓர் அட்டவணை போட்டன. சலுகை குறைந்துகொண்டே போகும் என்று சொன்ன அட்டவணைதான் அது. ஆனாலும் 2024இல் அங்கே விற்ற புதிய கார்களில் பாதிக்கு மேல் மின்சார கார்கள். வரி ஏறும் என்று தெரிந்தும் மக்கள் வாங்கினார்கள், எப்போது எவ்வளவு ஏறும் என்பது தெரிந்திருந்ததால்.

ஜெர்மானியர்கள் புதுமைக்கு எதிரிகள் என்று நினைப்பவர்கள் அந்நாட்டு அடுக்குமாடிகளின் பால்கனிகளைப் பார்க்க வேண்டும். கம்பி அடைப்பில் இரண்டு சோலார் பலகைகள், அவற்றின் பின்னால் கையடக்கமான ஓர் இன்வெர்ட்டர், அதிலிருந்து வரும் கம்பியைச் சாதாரண பிளக் வழியாக வீட்டுச் சுவரில் செருகிவிடுகிறார்கள். பகலில் குளிர்சாதனப் பெட்டிக்கும் வைஃபைக்கும் வேண்டிய மின்சாரம் அதிலிருந்து வருகிறது. பால்கனி மின்நிலையம் என்றே அதற்குப் பெயர். சில நூறு யூரோவில் முடிகிற காரியம். சில நகரங்களும் மாநிலங்களும் உதவித்தொகை தந்தாலும், பெருக்கத்துக்குக் காரணம் அது மட்டுமில்லை. 2023 தொடக்கத்தில் மதிப்புக் கூட்டு வரி பூஜ்ஜியமானது. 2024 மே மாதம் அனுமதி அளவு 600 வாட்டிலிருந்து 800 வாட்டாக உயர்ந்தது, பதிவு நடைமுறை சுருங்கியது, புது மீட்டர் வரும்வரை பழைய மீட்டர் பின்னோக்கிச் சுழன்றாலும் பரவாயில்லை என்றானது. அதே ஆண்டு அக்டோபரில், வாடகைக்குக் குடியிருப்பவர் கேட்டால் வீட்டுக்காரர் தகுந்த காரணமின்றி மறுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. 2025இல் பதிவானவை 10 லட்சத்தைத் தாண்டின. மின்சார காரை விட்டு ஒதுங்கிய அதே நாட்டில்தான் இதுவும் நடந்தது.

வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்பிலும் இதே பாடம். ஜெர்மனியில் பழைய பாய்லர்களுக்குப் பதிலாக என்ன பொருத்தலாம் என்ற சட்டம் 2023இல் மாதக்கணக்கில் கட்சிச் சண்டையாகி, வாரத்துக்கொரு வடிவம் எடுத்தது. குழம்பிய வீட்டுக்காரர்கள் அந்த ஆண்டு ஹீட் பம்பைப்போல் இரு மடங்குக்கும் மேலாக எரிவாயு பாய்லர்களை வாங்கித் தள்ளினார்கள். 3,56,000 ஆக இருந்த ஹீட் பம்ப் விற்பனை அடுத்த ஆண்டு 1,93,000 ஆகச் சரிந்தது. கடுங்குளிருக்கு அந்தக் கருவி ஒத்துவராது என்று சொல்வோருக்கு, அது பரவலாகப் புழங்கும் பின்லாந்தும் ஸ்வீடனும் நார்வேயுமே பதில்.

இன்னொரு மறுப்பு கனமானது. விதிகளைக் குவித்தே ஐரோப்பா பின்தங்கிவிட்டது, புதிய சேவைகள் அங்கே தாமதமாகவே போகின்றன என்பது அது. உண்மை இல்லாமல் இல்லை. மெட்டாவின் த்ரெட்ஸ் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஐந்து மாதம் பிந்திப் போனது. ஆப்பிளின் செயற்கை நுண்ணறிவு வசதிகளும் அங்குள்ள ஐபோன்களுக்கு மாதக்கணக்கில் தாமதமாயின. சிறு நிறுவனங்களுக்கு விதிகளைப் படித்துப் பின்பற்றுவதே பெருஞ்செலவு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே விதிகள் வாங்குபவர் கையில் எதைக் கொடுக்கின்றன என்றும் கணக்குப் பார்க்க வேண்டும். 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் புதிய செல்பேசிகளுக்கு டைப்-சி சார்ஜர்தான். 2025 ஜூன் 20 முதல், 800 முறை சார்ஜ் செய்த பிறகும் பேட்டரியில் 80 சதவீதத் திறன் மிஞ்ச வேண்டும். அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு உதிரி பாகம் கிடைக்க வேண்டும். பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்ற தரமதிப்பையும் விலைச்சீட்டின் அருகிலேயே பார்க்கலாம். இது தெரிந்து வாங்குபவர் புதுமையை வெறுப்பவர் இல்லை. கொடுத்த காசுக்கு உழைக்கும் பொருளைக் கேட்பவர். அந்தக் கேள்வி கேட்கும் உரிமைக்காகச் சில மாதத் தாமதத்தை நான் ஏற்பேன்.

மானியங்கள் வசதியுள்ளவர்களுக்கே போய்ச் சேர்ந்தன என்ற குறைதான் என்னை அதிகம் உறுத்துகிறது. டென்மார்க்கில் பாதியைத் தாண்டிய மின்சார கார்களின் பங்கு, அதே 2024இல் போலந்தில் 3 சதவீத அளவில்தான் இருந்தது. வருமான இடைவெளியை எந்த அட்டவணையும் தனியாக அடைத்துவிடாது. ஆனால் ஏழைகளுக்கு விருப்பமில்லை என்று சொல்லிவிட முடியாது. 2024 ஜனவரியில் பிரான்ஸ், குறைந்த வருமானத்தில் வேலைக்காகத் தினம் தொலைதூரம் காரில் போகிறவர்களுக்கு மாதம் 100 யூரோ அளவிலான வாடகையில் மின்சார கார் தந்தது. ஆறே வாரத்தில் 50,000 கார்களுக்கான விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டன. எதிர்பார்த்ததைவிட இரு மடங்கு. உடனே திட்டத்தை நிறுத்தினார்கள். மறுபடி திறக்க 2025 செப்டம்பர் ஆயிற்று. ஒன்றரை ஆண்டுக்கு மேல் அந்தக் குடும்பங்கள் பழைய டீசல் வண்டிக்கு எரிபொருள் நிரப்பிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் முன் பெரிய சோதனை இருக்கிறது. 2035க்குப் பிறகு புகை கக்கும் புதிய கார் இல்லை என்று 2023இல் ஒன்றியம் சட்டம் செய்தது; அதன் ஆணையமே 2025 டிசம்பரில் அதைத் தளர்த்த முன்மொழிந்தது. தொழிலாளர்களின் வேலையைக் காக்க அப்படித் தளர்த்துவது சரியா, தவறா என்று வாதிடலாம். எந்த முடிவானாலும் சீக்கிரம் எடுத்து, அது எந்த ஆண்டு வரை மாறாது என்பதையும் சட்டத்திலேயே எழுத வேண்டும். இனி அறிவிக்கும் ஒவ்வொரு மானியத்துக்கும் முடியும் தேதியை முதல் நாளே சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்தே உரிமை உறுதியாக வேண்டும், கார் வாசலுக்கு வந்த நாளிலிருந்து இல்லை.